புரோக்கரேஜ் இல்லை என்றால் சம்பளம் யார் கொடுக்கிறார்கள்?

போன வாரம் மாதவரம் பால்பண்ணைப் பக்கம் காலை நடையை முடித்துவிட்டு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். மணலியில் என்னோடு ஒரே தொழிற்சாலையில் வேலை பார்த்த நண்பர் ஒருவர் திருவொற்றியூரிலிருந்து ஏதோ வேலையாக இந்தப் பக்கம் வந்திருந்தார். என்னைவிடப் பத்து வயது இளையவர், இந்த வருடம்தான் ரிடையர் ஆனார். டீ வருவதற்கு முன்பே போனை நீட்டினார்.

"அண்ணே, ஷேர் மார்க்கெட்டுல நீங்க பழைய ஆளு. இந்த ஆப் பரவாயில்லையா பாருங்க. மச்சான் பையன் இறக்கிக் குடுத்தான். புரோக்கரேஜே கிடையாதாம்."

"புரோக்கரேஜே இல்லைன்னா அந்தக் கம்பெனில வேலை செய்யறவங்களுக்கு யாருப்பா சம்பளம் குடுக்கறது?"

சிரித்துவிட்டார். "அது நமக்கு எதுக்குண்ணே?"

நமக்குத்தான். அதைத் தவிர வேறு எதையும் கேட்க வேண்டியதில்லை என்றுகூடச் சொல்வேன். எந்த ஆப்பில் கட்டணம் குறைவு, எதில் சார்ட் அழகாக இருக்கிறது, எதில் ஐந்து நிமிடத்தில் கணக்குத் திறக்கலாம் என்று யூட்யூபில் ஆயிரம் பேர் சொல்கிறார்கள். சொல்லி முடித்ததும் "லிங்க் கீழே இருக்கு" என்கிறார்கள். அந்த லிங்க் வழியாக நீங்கள் கணக்குத் திறந்தால் பெரும்பாலும் அவர்களுக்கும் ஏதாவது கிடைக்கும். இந்த புரோக்கர் என்னிடமிருந்து எப்படிச் சம்பாதிக்கப் போகிறார் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

பழைய காலம்தான் நன்றாக இருந்தது என்று சொல்ல வரவில்லை. அதைப் பார்த்தவன் நான். 1994 வாக்கில் மூலக்கடையில் பஸ் ஏறி பாரிமுனையில் இறங்கி, செகண்ட் லைன் பீச்சில் இருந்த மெட்ராஸ் ஸ்டாக் எக்ஸ்சேஞ்ச் பக்கம் ஒரு சப்-புரோக்கரைப் பார்க்கப் போவேன். அவர் என்ன விலை சொல்கிறாரோ அதுதான் விலை. உண்மையில் எந்த விலைக்கு வாங்கினார் என்று பார்க்க நமக்கு வழியில்லை. பங்குப் பத்திரம் கைக்கு வந்தால் அதோடு டிரான்ஸ்ஃபர் ஃபாரம், அதில் ஒட்ட ஸ்டாம்ப். எல்லாம் முடித்துக் கம்பெனிக்கு அனுப்பினால் இரண்டு மாதம் கழித்து, விற்றவரின் கையெழுத்து ஒத்துவரவில்லை என்று திரும்பி வரும். என்னுடைய பத்திரம் ஒன்று தபாலிலேயே காணாமல் போனது. புரோக்கரேஜ் இரண்டரை சதவீதம் வரை வாங்கலாம் என்று விதியே இருந்தது. 1996-ல் டெபாசிட்டரி சட்டம் வந்து, என்.எஸ்.டி.எல். தொடங்கி, பத்திரங்கள் கம்ப்யூட்டருக்குள் போனதை நான் மனதார வாழ்த்தியிருக்கிறேன். 1937-ல் தொடங்கிய நம்மூர் எக்ஸ்சேஞ்ச், வியாபாரமில்லாமல் 2015-ல் மூடுவிழா கண்டபோது அந்தக் கட்டடத்துக்காக வருத்தப்பட்டேனே தவிர அந்த முறைக்காக அல்ல.

பெங்களூரு ஜெரோதா 2010-ல் வந்து, எவ்வளவு பெரிய ஆர்டராக இருந்தாலும் 20 ரூபாய்க்கு மேல் இல்லை என்றதும், 2015 டிசம்பரில் பங்கை வாங்கி வைத்துக்கொள்பவர்களுக்குப் புரோக்கரேஜே இல்லை என்றதும் சாதாரண மனிதனுக்கு நல்லதுதான். அதை மறுப்பவன் பொய் சொல்கிறான்.

ஆனால் அங்கேயே நின்று யோசியுங்கள். வாங்கி வைத்துக்கொள்பவரிடம் பைசா கிடையாது. அப்படியானால் காசு எங்கிருந்து வருகிறது? அன்றைக்கே வாங்கி அன்றைக்கே விற்பவரிடமிருந்தும், எஃப் அண்ட் ஓ என்கிற ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் ஆடுபவரிடமிருந்தும் வருகிறது. நான் ஊகித்துச் சொல்லவில்லை. எக்ஸ்சேஞ்சுகள் அதிக வியாபாரம் தரும் புரோக்கருக்குக் கட்டணத்தில் சலுகை கொடுத்து வந்தன. புரோக்கர்கள் நம்மிடம் முழுசாக வசூலித்துவிட்டு, எக்ஸ்சேஞ்சுக்குக் குறைவாகக் கட்டி, நடுவில் நிற்பதை வைத்துக்கொண்டார்கள். 2024 அக்டோபர் முதல் இது கூடாது, எல்லோருக்கும் ஒரே கட்டணம் என்று செபி சொன்னது. அந்த உத்தரவு ஜூலையில் வெளியான உடனேயே ஜெரோதாவின் நிதின் காமத், இலவச டெலிவரியைக் கைவிட வேண்டி வரலாம், அல்லது எஃப் அண்ட் ஓ கட்டணத்தை உயர்த்த வேண்டி வரலாம் என்று வெளிப்படையாக எழுதினார். பின்னால் டெலிவரிக்கு இலவசம் தொடரும் என்று அறிவித்தார், அது வேறு விஷயம். மனிதர் மறைக்கவில்லை, அதற்காக அவரைப் பாராட்ட வேண்டும். ஒரு தட்டில் உள்ள இலவசத்துக்கு இன்னொரு தட்டிலிருந்துதான் பணம் போகிறது என்று அவரே சொல்லிவிட்டார்.

அந்த இன்னொரு தட்டில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள்? 2024 செப்டம்பரில் செபி ஓர் ஆய்வு வெளியிட்டது. 2021-22 முதல் மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ ஆடிய தனிநபர்கள் ஒரு கோடிக்கும் மேல். அவர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம். சராசரியாக ஆளுக்குச் சுமார் 2 லட்சம் ரூபாய். மொத்தம் 1.8 லட்சம் கோடிக்கும் மேல். செலவெல்லாம் போக ஒரு லட்சத்துக்கு மேல் லாபம் பார்த்தவர்கள் நூற்றுக்கு ஒருவர். அந்த மூன்று ஆண்டில் கட்டணமாக மட்டும் தனிநபர்கள் கட்டியது சுமார் 50,000 கோடி, அதில் பாதிக்குச் சற்று மேல் புரோக்கரேஜ். நஷ்டப்பட்டவனிடம் வாங்கிய புரோக்கரேஜும் அதில் உண்டு. நீங்கள் ஜெயித்தாலும் தோற்றாலும் அவருக்கு 20 ரூபாய்.

அந்த 93 பேரில் நானும் ஒருவன். இதை இதுவரை இங்கே எழுதியதில்லை. என் மனைவிக்கே போன வருடம்தான் முழுக் கணக்கும் தெரியும்.

2020 ஊரடங்கு. வாக்கிங் கிடையாது, கோயில் கிடையாது, பேரன் வீட்டுக்கும் போக முடியாது. வருடக்கணக்காக வைத்திருந்த வங்கி டிமேட் கணக்கில் கட்டணம் அதிகம் என்று, கட்டணமே இல்லாத ஓர் ஆப்பில் புதிதாகக் கணக்குத் திறந்தேன். பெயர் வேண்டாம், எல்லாம் ஒரே மாதிரிதான். திறக்கும்போது எஃப் அண்ட் ஓ வேண்டுமா என்று ஒரு கட்டம் வந்தது. வருமானத்துக்கு ஆதாரமாக ஆறு மாத வங்கி ஸ்டேட்மெண்ட் போதும் என்றார்கள். இருந்துவிட்டுப் போகட்டுமே என்று டிக் செய்தேன். ஹோட்டலில் சாப்பாட்டோடு ஊறுகாய் வைப்பதுபோல என்று நினைத்தேன்.

முதல் வாரம் 3,200 ரூபாய் லாபம் வந்தது. (வந்திருக்கவே கூடாது.) அப்புறம் காலையில் ஒன்பதே காலுக்குப் போனோடு உட்கார்ந்தால் மாலை மூன்றரை வரை எழுந்திருக்க மாட்டேன். அப்போதெல்லாம் வாரந்தோறும் வியாழக்கிழமை எக்ஸ்பைரி. "வியாழக்கிழமை ஆனா உங்களுக்கு ஏன் சோறு இறங்க மாட்டேங்குது?" என்று மனைவி கேட்பாள். ஏழு மாதத்தில் 1,86,000 ரூபாய் போனது. ஓர் எஃப்.டி.யை அவளுக்குத் தெரியாமல் உடைத்தேன்.

நான் அக்கவுண்ட்ஸ் செக்‌ஷனில் முப்பது வருடம் குப்பை கொட்டியவன். கடைசியில்தான் அந்தப் புத்தி வந்தது. எல்லா கான்ட்ராக்ட் நோட்டையும் இறக்கி ஒரு நோட்டில் எழுதிக் கூட்டினேன். நஷ்டத்தில் கிட்டத்தட்ட 41,000 ரூபாய் மார்க்கெட்டில் போனது அல்ல, கட்டணத்தில் போனது. புரோக்கரேஜே இல்லாத ஆப்பில்! என் பழைய வங்கிக் கணக்கில் வருடத்துக்கு நாலு தடவை பங்கு வாங்கி, அவர்கள் கேட்ட அரை சதவீதத்தை முணுமுணுத்துக்கொண்டே கட்டியிருந்தால், பத்து வருடத்துக்கும் அந்தத் தொகை வந்திருக்காது.

இது ஏன் நடக்கிறது என்று கணக்குப் போட்டால் புரியும். ஒருவர் ஒரு நாளைக்குப் பத்து தடவை வாங்கி, பத்து தடவை விற்கிறார் என்று வையுங்கள். 20 ஆர்டர், ஆர்டருக்கு 20 ரூபாய், 400 ரூபாய். ஜி.எஸ்.டி. 18 சதவீதம் சேர்த்தால் 472. இரண்டு நாளைக்கு 944. நம்மில் பலர் இ.பி.எஸ். பென்ஷன்காரர்கள், அதில் குறைந்தபட்சப் பென்ஷன் மாதம் 1,000 ரூபாய் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஒரு மாதப் பென்ஷனை இரண்டு நாளில் முடித்துவிடலாம், அதுவும் புரோக்கரேஜுக்கு மட்டும். எஸ்.டி.டி., எக்ஸ்சேஞ்ச் கட்டணம், ஸ்டாம்ப் எல்லாம் தனி.

உடனே ஒரு பதில் வரும். என் மகனே சொன்னான்: "கத்தி விக்கறவன் மேல என்னப்பா தப்பு? வெட்டிக்கிட்டது நீங்க." சரி, வெட்டிக்கொண்டது நான்தான். ஆனால் கத்தி விற்கும் கடைக்காரன் மணிக்கொரு தடவை போன் செய்து "இன்னும் வெட்டலையா?" என்று கேட்பதில்லை. இந்த ஆப்கள் கேட்கின்றன. நிஃப்டி ஏறிவிட்டது என்று ஒரு மணி, இறங்கிவிட்டது என்று ஒரு மணி, இன்று எக்ஸ்பைரி என்று ஒரு மணி. அமெரிக்காவில் ராபின்ஹூட் என்கிற இலவச ஆப்பில் டிரேட் செய்தவருக்குத் திரையில் வண்ணக் காகிதம் பறக்கவிட்டார்கள். மாசசூசெட்ஸ் மாநில அதிகாரிகள் இது சூதாட்ட வித்தை என்று வழக்குப் போட்ட பிறகு 2021-ல் அதை நிறுத்தினார்கள். இங்கே காகிதம் பறக்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

பங்கு வாங்கும் பட்டனுக்குப் பக்கத்திலேயே எம்.டி.எஃப். என்று ஒன்றிருக்கும். விலையில் ஒரு பகுதியை மட்டும் நீங்கள் கட்டினால் போதும், மீதியை புரோக்கர் கடனாகப் போடுவார், நாள் கணக்கில் வட்டி. ராயபுரம் மார்க்கெட்டில் தண்டல் வாங்கிப் பிழைத்தவர்களைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது என்னவென்று விளக்க வேண்டாம். தண்டல்காரராவது வீட்டு வாசலில் நிற்பார், நாலு பேருக்குத் தெரியும். இது சட்டைப்பையில் சத்தமில்லாமல் ஓடுகிறது.

எதிரில் ஆடுபவர் யார் என்றும் தெரிந்துகொள்ளுங்கள். அதே செபி ஆய்வில், 2023-24-ல் எஃப் அண்ட் ஓ-வில் லாபம் பார்த்தவர்கள் பெரிய நிறுவனங்களும் வெளிநாட்டு முதலீட்டாளர்களும். அவர்கள் லாபத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேல் கம்ப்யூட்டர் தானாகப் போட்ட ஆர்டர்களில் வந்தது. 2025 ஜூலையில் ஜேன் ஸ்ட்ரீட் என்ற அமெரிக்க நிறுவனம் இண்டெக்ஸ் ஆப்ஷன்ஸில் முறைகேடு செய்ததாகச் சொல்லி 4,843 கோடி ரூபாயை முடக்கி செபி உத்தரவிட்டது. அந்த நிறுவனம் குற்றச்சாட்டை மறுக்கிறது. தீர்ப்பு எப்படியோ போகட்டும். 4,843 கோடி வரை பேசப்படுகிற மேசையில், மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நான் ஏழு மாதம் உட்கார்ந்திருந்தேன்.

எஃப் அண்ட் ஓ இல்லாமல் வெறும் பங்கிலேயே அன்றாட வியாபாரம் செய்தாலும் பத்தில் ஏழு பேருக்கு நஷ்டம் என்று 2022-23 கணக்கு சொல்கிறது. வருடத்துக்கு 500 டிரேடுக்கு மேல் போனவர்களில் பத்துக்கு எட்டு. அதிகமாக ஆட ஆட அதிகமாகத் தோற்கிறார்கள். அதிகமாக ஆட ஆடத்தான் புரோக்கருக்கு வருமானம். இந்த இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கும்போது, எந்த ஆப் சுலபம் என்று நாம் விசாரிப்பது எனக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தெரிகிறது. புதிதாக வருகிறவர் எது கொஞ்சம் கஷ்டமாக இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

நம் வயதுக்காரர்கள் இங்கே இன்னொரு தப்பு செய்வார்கள். ஆப் வேண்டாம், போர்டு மாட்டிய ஆபீஸ் இருக்கிற பெரிய கம்பெனிதான் பத்திரம் என்பார்கள். அவர்களுக்கு கார்வியை ஞாபகப்படுத்துகிறேன். ஹைதராபாத் கம்பெனி, ஊருக்கு ஊர் கிளை, பான் கார்டு விண்ணப்பம் முதல் எல்லாம் அங்கே. வாடிக்கையாளர்கள் எழுதிக் கொடுத்த பவர் ஆஃப் அட்டர்னியை வைத்துக்கொண்டு அவர்களுடைய பங்குகளைத் தன் சொத்துபோல அடகு வைத்துக் கடன் வாங்கியது. 2019 நவம்பர் 22-ம் தேதி செபி தடை போட்டது. அடகில் இருந்தது 95,000 பேருக்கு மேற்பட்டவர்களின் பங்குகள். டிசம்பர் தொடக்கத்தில் 80,000-க்கும் அதிகமானவர்களுக்குப் பங்குகள் திரும்பின, மற்றவர்கள் அலைந்தார்கள். அப்புறம்தான் விதிகள் இறுகின. பவர் ஆஃப் அட்டர்னிக்குப் பதிலாக இப்போது டி.டி.பி.ஐ. என்று வரம்பு கட்டிய ஒரு படிவம் இருக்கிறது.

அந்தப் படிவம் கட்டாயம் இல்லை. கணக்குத் திறக்கும்போது "இதிலும் கையெழுத்துப் போட்டுடுங்க சார், விக்கும்போது சுலபம்" என்பார்கள். போடாதீர்கள். போடாவிட்டால் ஒவ்வொரு தடவை விற்கும்போதும் சி.டி.எஸ்.எல். தரும் பின் நம்பரும் போனுக்கு வரும் ஓ.டி.பி.யும் கொடுத்தால்தான் பங்கு வெளியே போகும். தொல்லைதான். அந்த ஒரு நிமிடத் தொல்லையில் நான் இரண்டு தடவை மனம் மாறி விற்காமல் விட்டிருக்கிறேன்.

புரோக்கர் சொல்லும் கணக்கை மட்டும் நம்பவும் வேண்டாம். உங்கள் பங்கு இருப்பது புரோக்கரிடம் அல்ல, சி.டி.எஸ்.எல். அல்லது என்.எஸ்.டி.எல்.லில். அவர்களே நேராக மின்னஞ்சலில் கணக்கு அறிக்கை அனுப்புவார்கள். அதையும் ஆப் காட்டுவதையும் ஒப்பிட்டுப் பாருங்கள், பாஸ்புக் பார்க்கிற மாதிரி. கணக்கு திறக்கும்போது கொடுக்கும் மின்னஞ்சலும் போன் நம்பரும் உங்களுடையதாக இருக்க வேண்டும். மகன் நம்பரைக் கொடுத்துவிட்டு அப்புறம் ஒன்றும் வரவில்லை என்று புலம்பியவர்கள் எங்கள் தெருவிலேயே இரண்டு பேர். நாமினி பெயரையும் அன்றைக்கே போட்டுவிடுங்கள். வைத்திருக்கும் பங்குகளின் மதிப்பு 4 லட்சத்துக்குள் என்றால், பி.எஸ்.டி.ஏ. என்கிற அடிப்படை டிமேட் கணக்குக்கு 2024 செப்டம்பரிலிருந்து வருடச் சந்தா கிடையாது. 4 முதல் 10 லட்சம் வரை வருடத்துக்கு 100 ரூபாய்தான். ஆளுக்கு அப்படி ஒரு கணக்குதான் வைத்துக்கொள்ளலாம். அதைப் பற்றி அவர்களாக வாய் திறப்பது அபூர்வம், நாம்தான் கேட்க வேண்டும்.

வாட்ஸ்அப் குழுவில் வருகிற ஆப் பற்றியும் ஒரு வார்த்தை. அது புரோக்கரே இல்லை, திருடன். புரோக்கர் பெயரையும் பதிவு எண்ணையும் செபி இணையதளத்தில் போட்டுப் பார்க்காமல் ஒரு ரூபாய்கூட அனுப்பக் கூடாது. பதிவு பெற்ற புரோக்கர் தகராறு செய்தால் செபியின் ஸ்கோர்ஸ் தளத்தில் புகார் கொடுக்கலாம். திருடனைப் பற்றி அங்கே கொடுத்துப் பயனில்லை, சைபர் கிரைம் 1930-க்குத்தான் போன் செய்ய வேண்டும்.

டீக்கடைக்கு வருகிறேன். நண்பரின் போனை வாங்கிப் பார்த்தேன். கணக்கு பாதி திறந்திருந்தது. எஃப் அண்ட் ஓ கட்டத்தில் டிக் இருந்தது, மச்சான் பையன் போட்டது. ஆதாரமாக ஏற்றியிருந்தது கிராஜுவிட்டியும் பி.எஃப்.பும் வந்து விழுந்த அதே மாதத்து வங்கி ஸ்டேட்மெண்ட். முப்பத்தி நாலு வருடம் ஷிஃப்ட் பார்த்த பணம். பெண் கல்யாணம் தை மாதம்.

"இதை எடுத்துடலாமா?" என்றேன்.

"எடுத்தா திரும்ப வராதாண்ணே?"

"வரும். எப்ப வேணா கேட்டு வாங்கிக்கலாம். அவங்க தரமாட்டோம்னு சொல்லவே மாட்டாங்க."

டிக்கை எடுத்தோம், ஸ்டேட்மெண்டையும் நீக்கினோம். டி.டி.பி.ஐ. வேண்டாம் என்று போட்டோம். நோட்டிஃபிகேஷன் எல்லாவற்றையும் அணைக்க அரை மணி நேரம் ஆனது, அவ்வளவு ஒளித்து வைத்திருக்கிறார்கள். டீ ஆறிப்போய் இன்னொரு டீ சொன்னோம். கல்யாணச் செலவுக்கான பணத்தைத் தொடப்போவதில்லை, மீதியில் மாதம் 5,000 ரூபாய்க்கு மேல் போடப்போவதில்லை என்று அவராகவே சொன்னார்.

கணக்கு திறந்ததும் முதலில் என்ன வாங்குவது என்று பேச்சு வந்தது. வீட்டுக்குப் பக்கத்து ஃபேக்டரி என்பதால் எம்.ஆர்.எஃப். ஒரே ஒரு பங்கு வாங்கி வைக்கலாம் என்று ஆசைப்பட்டார். விலையைத் தேடிக் காட்டினேன். ஒரு பங்கு ஒரு லட்சத்துக்கும் மேல். போனை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, டீக்குக் காசு கொடுக்க எழுந்து போய்விட்டார்.